பொட்டலத்தின் பின்பக்கத்தில் வைட்டமின் சி

பழச்சாறுப் பெட்டியின் முன்பக்கத்தில் ‘வைட்டமின் சி நிறைந்தது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து ஆசையாகக் கையில் எடுத்தவர் பெட்டியைத் திருப்பிப் பார்க்கிறார். ‘ஆன்டிஆக்சிடன்ட் (300)’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி. முகம் சுருங்கிவிடுகிறது. எண் போட்டிருந்தாலே ஏதோ கெமிக்கல் என்று நம் மனதில் பதிந்துபோயிருக்கிறது. ஆனால் முன்பக்கம் பெருமையாகச் சொல்வதும் பின்பக்கம் பொடி எழுத்தில் சொல்வதும் ஒரே வெள்ளைப் பொடியைத்தான். அஸ்கார்பிக் அமிலம் என்பது அதன் வேதியியல் பெயர், வைட்டமின் சி என்பது வீட்டில் கூப்பிடும் பெயர், 300 என்பது உணவுச் சேர்க்கைப் பொருட்களின் பட்டியலில் அதற்குக் கிடைத்த எண்.

இந்த எண்ணுக்கு ஒரு குடும்பமே உண்டு. 301 சோடியம் அஸ்கார்பேட், 302 கால்சியம் அஸ்கார்பேட், 304 கொழுப்பில் கரையும்படி மாற்றியமைத்த அஸ்கார்பைல் பால்மிடேட். ஐரோப்பாவில் எண்ணுக்கு முன்னால் ‘இ’ போட்டு இ300 என்பார்கள். சர்வதேசப் பட்டியலில் ஐ.என்.எஸ். 300. முன்பக்கத்தைப் பார்த்து வந்த சந்தோஷம், பின்பக்கத்தைப் பார்த்து வந்த பயம் இரண்டுமே கொஞ்சம் அவசரப்பட்டவை என்று எனக்குத் தோன்றுகிறது. உணவுத் தொழிற்சாலை இதைப் பெரும்பாலும் நம் உடம்பை நினைத்துச் சேர்ப்பதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜன் உணவின் மேல் கைவைப்பதற்கு முன்னால், அதன் வாயில் போடுகிற இரையாகத்தான் சேர்க்கிறது.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பொருள் கண்டுபிடிக்கப்பட்ட வழியும் அதுதான். வைட்டமின் என்ற பட்டம் பிறகு வந்தது. ஹங்கேரிய விஞ்ஞானி ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி 1920களில் ஓர் எளிய கேள்வியைப் பிடித்துக்கொண்டு திரிந்தார். ஆப்பிள், பேரிக்காய், வாழைப்பழம் எல்லாம் அடிபட்டால் பழுப்பாகின்றன. எலுமிச்சையும் ஆரஞ்சும் ஏன் ஆவதில்லை? எலுமிச்சை வகைப் பழங்களின் சாற்றில் நிறமாற்றத்தைத் தள்ளிப்போடும் ஏதோ ஒன்று இருப்பதைக் கவனித்தார். மாட்டின் அட்ரினல் சுரப்பியிலும் அதே குணமுள்ள பொருள் கிடைத்தது. 1928இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதியபோது, இன்னதென்று தெரியாத சர்க்கரை மாதிரிப் பொருள் என்பதால் ‘தெரியாது’ என்று அர்த்தம் வரும்படி ‘இக்னோஸ்’ என்று பெயர் வைத்தார். பத்திரிகை ஆசிரியர் ஒப்பவில்லை. சரி, ‘காட்நோஸ்’ என்று வைத்துக்கொள்ளலாமா என்றார். கடவுளுக்கே வெளிச்சம் என்பதுதான் அதன் உட்பொருள். அதுவும் எடுபடவில்லை. கடைசியில் ஹெக்சூரானிக் அமிலம் என்ற சாதுவான பெயரில் கட்டுரை வெளிவந்தது.

நான்கு ஆண்டு கழித்து, 1932இல்தான் இதுவே ஸ்கர்வியைத் தடுக்கும் வைட்டமின் என்று தெரியவந்தது. சென்ட்-ஜியார்ஜியும் ஜோசப் ஸ்விர்பெலியும் ஒரு பக்கம், அமெரிக்காவில் சார்லஸ் கிளென் கிங் இன்னொரு பக்கம், ஏறக்குறைய ஒரே சமயத்தில் அதைக் காட்டினார்கள். ஸ்கர்வி என்பது ஈறு வீங்கி ரத்தம் கசிந்து, பல் ஆடி, என்றோ ஆறிய புண்கூட மறுபடி வாய் பிளக்கிற நோய். 1747இலேயே ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்திருந்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர்தான் சட்டென்று தேறினார்கள். அஸ்கார்பிக் என்ற பெயருக்கே ஸ்கர்வியை விரட்டுவது என்றுதான் பொருள். பிறகு வேலை வேகமெடுத்தது. 1933இல் நார்மன் ஹாவர்த் குழு மூலக்கூறின் அமைப்பைக் கண்டறிந்தது. அதே ஆண்டு டாடியஸ் ரைக்ஸ்டைன் அதைச் செயற்கையாகத் தயாரித்தார். 1934இல் ரோஷ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. 1937இல் சென்ட்-ஜியார்ஜிக்கு மருத்துவ நோபலும் ஹாவர்த்துக்கு வேதியியல் நோபலில் பாதியும் கிடைத்தன.

ரைக்ஸ்டைனின் வழியில் ஒரு சுவாரசியம் உண்டு. முழுக்க முழுக்க ரசாயனச் சாலையில் நடக்கும் வேலை என்று நினைப்போம். ஆனால் நடுவில் ஒரு கட்டத்தைப் பாக்டீரியாதான் செய்தது. குளுக்கோஸைச் சார்பிடாலாக மாற்றி, அதைப் பாக்டீரியாவிடம் கொடுத்துச் சார்போஸ் ஆக்கி, அப்புறம் மீதி வேதிவினைகள். பின்னர் சீனாவில் உருவான முறையில் இன்னொரு கட்டமும் நுண்ணுயிரிகளின் கைக்குப் போனது. இன்று உலகச் சந்தையில் உள்ள அஸ்கார்பிக் அமிலத்தில் பெரும்பங்கு அங்கேதான் தயாராகிறது. ஆக, மூலப்பொருள் தாவர மாவுச்சத்தின் சர்க்கரை, வேலையாள் பாக்டீரியா. இப்படி வந்ததும் ஆரஞ்சுச் சுளையில் இருப்பதும் அணுவுக்கு அணு ஒன்றுதான். ‘இயற்கை வைட்டமின் சி உடம்பில் ஒட்டும், செயற்கை ஒட்டாது’ என்பதில் சாரமில்லை. பழத்தில் நார்ச்சத்தும் மற்றச் சத்துகளும் கூட வருகின்றன என்றால் அது சரி. அது பழத்தின் பெருமை.

இனி இந்தப் பொடி பார்க்கும் வேலைகளுக்கு வருவோம்.

ஆப்பிளை நறுக்கினால் செல்கள் உடைந்து, அதுவரை தனித்தனியாக இருந்த பீனால் பொருட்களும் ஒரு நொதியும் சந்தித்துக்கொள்கின்றன. ஆக்சிஜனும் சேர, பீனால்கள் குவினோன்களாக மாறி, குவினோன்கள் ஒன்றோடொன்று பிணைந்து பழுப்பு நிறமாகின்றன. அஸ்கார்பிக் அமிலம் நடுவில் நின்று, உண்டாகும் ஒவ்வொரு குவினோனையும் பழையபடி பீனாலாகத் திருப்பிவிடுகிறது. அப்படித் திருப்பும்போது அது தானே ஆக்சிஜனேற்றம் அடைந்து செலவாகிறது. கையிருப்பு தீர்ந்ததும் பழுப்பு மறுபடி தொடங்கிவிடும். எனவே இது நிறமாற்றத்துக்குத் தவணை வாங்கித் தருகிறதே தவிர ரத்து செய்வதில்லை.

பெட்டியிலும் பாட்டிலிலும் இதே கதைதான், கணக்கு மட்டும் கொஞ்சம் துல்லியமானது. மூடிக்குக் கீழே தங்கிவிட்ட காற்றில் ஒவ்வொரு கன சென்டிமீட்டருக்கும் உள்ள ஆக்சிஜனைத் தீர்க்க சுமார் 3.3 மில்லிகிராம் அஸ்கார்பிக் அமிலம் வேண்டும். 10 கன சென்டிமீட்டர் காற்று இருந்தால் 33 மில்லிகிராம் போயிற்று. அமெரிக்கப் பரிந்துரைப்படி வயது வந்த ஆணுக்கு ஒரு நாள் தேவை 90 மில்லிகிராம், பெண்ணுக்கு 75. ஒரு விரற்கடைக் காற்று, ஆண் ஒருவரின் ஒரு நாள் தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாப்பிட்டுவிடுகிறது. சாற்றில் சேர்த்த வைட்டமினில் எவ்வளவு குடிப்பவருக்குப் போகிறது, எவ்வளவு மூடிக்குக் கீழே இருந்த காற்றுக்குப் போகிறது என்பதை முன்பக்க விளம்பரம் சொல்வதில்லை.

பதப்படுத்திய இறைச்சியில் இதன் வேலை இன்னும் முக்கியமானது. என்னைக் கேட்டால், பாதுகாப்பு என்ற வார்த்தைக்கு உண்மையாகவே பொருந்துவது இங்கேதான். அந்த இறைச்சிக்கு இளஞ்சிவப்பு நிறம் தருவதும், போட்டுலிசம் என்ற நச்சு நோயைக் கொண்டுவரும் கிருமியைத் தடுப்பதும் நைட்ரைட். ஆனால் அதே நைட்ரைட், புரதத்திலிருந்து வரும் அமீன்களோடு சேர்ந்தால் நைட்ரசமீன்கள் உண்டாகலாம். அவற்றில் பல, புற்றுநோய்க் காரணிகள். அஸ்கார்பேட் சேர்த்தால் அது நைட்ரைட்டைச் சட்டென்று நைட்ரிக் ஆக்சைடாக மாற்றிவிடுகிறது. நிறமும் சீக்கிரம் ஏறுகிறது, அமீன்களின் கைக்கு நைட்ரைட் சிக்குவதும் குறைகிறது. அமெரிக்காவில், கரைசல் ஏற்றிப் பதப்படுத்தும் பன்றி இறைச்சிக்கு 10 லட்சத்தில் 120 பங்கு நைட்ரைட் என்றால், கூடவே 550 பங்கு அஸ்கார்பேட் அல்லது எரித்தோர்பேட் சேர்க்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. அதற்காகப் பதப்படுத்திய இறைச்சி நல்ல உணவாகிவிட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பதப்படுத்தாத இறைச்சித் துண்டிலோ இதே குணம் தொல்லையாகிறது. பழையதையும் சிவப்பாகக் காட்டும், வாங்குபவர் ஏமாறுவார். ஐரோப்பிய ஒன்றிய விதிகள் அங்கே இதற்கு இடம் தரவில்லை.

மேலே சொன்ன எரித்தோர்பேட் இதன் இரட்டைப் பிறவி. அணுக்களின் எண்ணிக்கை ஒன்றேதான், ஓரிடத்தில் அவை அமைந்திருக்கும் திசை மட்டும் வேறு. பட்டியலில் 315, 316. ஆக்சிஜனைப் பிடிக்கும் வேலையை இதுவும் அதே லாவகத்தோடு செய்யும்; வைட்டமினாக அதன் பலம் சுமார் இருபதில் ஒரு பங்குதான். வைட்டமின் குணம் இல்லாமலே அந்த வேலை நடக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. இது மண்புழுவிலிருந்து எடுக்கப்படுகிறது என்று ஒரு வதந்திகூட உலவியது. ஆங்கிலத்தில் இரண்டு பெயர்களும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோல விழுவதைத் தவிர அதற்கு வேறு முகாந்திரம் இல்லை. இதுவும் சர்க்கரையிலிருந்து வருவதுதான்.

இந்தப் பொடி செய்வதிலேயே வினோதமான வேலை ரொட்டி மாவில் நடக்கிறது. அங்கே அது தன் குணத்துக்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது. ரொட்டி உப்பி நிற்க, மாவிலுள்ள குளூட்டன் புரத இழைகள் ஒன்றோடொன்று கந்தகப் பாலங்களால் இணைந்து வலை மாதிரி ஆக வேண்டும். மாவிலேயே இயல்பாக இருக்கும் குளூட்டாதியோன் என்ற சிறு மூலக்கூறு இந்தப் பாலங்களை வெட்டிவிடுகிறது. மாவு பிசையும்போது காற்று உள்ளே போகிறது. அந்த ஆக்சிஜன், சேர்த்திருக்கும் அஸ்கார்பிக் அமிலத்தை டிஹைட்ரோ அஸ்கார்பிக் அமிலமாக மாற்றுகிறது. அது போய்க் குளூட்டாதியோன்களை ஜோடி ஜோடியாகக் கட்டிப் போட்டுவிடுகிறது. கத்தரிக்கோல்கள் முடங்கியதால் வலை உறுதிப்படுகிறது. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்க என்று பெயர் வாங்கிய பொருள், இங்கே ஆக்சிஜனின் தூதனாக வேலை பார்க்கிறது. காற்றே படாமல் பிசைந்தால் இந்த மாயம் நடக்காது. மாவு இளகத்தான் செய்யும்.

ரொட்டிக்கு இது உதவும் என்பதை டென்மார்க்கைச் சேர்ந்த ஹோல்கர் யோர்கென்சன் 1930களிலேயே கண்டார். ஆனால் ரொட்டிக் கூடங்கள் அப்போது நம்பியிருந்தது பொட்டாசியம் புரோமேட்டை. விலை மலிவு, வேலை பிரமாதம். 1961இல் பிரிட்டனில் சோர்லிவுட் என்ற இடத்திலிருந்த ஆய்வு நிலையம், பல மணி நேரம் மாவை ஊறவிடாமல் சில நிமிட அதிவேகப் பிசைதலிலேயே ரொட்டிக்குத் தயாராக்கும் முறையைக் கொண்டுவந்தபோது அஸ்கார்பிக் அமிலத்தின் மவுசு ஏறியது. பிறகு புரோமேட் எலிகளில் புற்றுநோய் உண்டாக்குவது தெரிந்தது. 1990இல் பிரிட்டன் அதைத் தடை செய்தது. 1999இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியமுள்ளது’ என்ற 2பி பிரிவில் வைத்தது. காலியான நாற்காலியில் வைட்டமின் சி வசதியாக உட்கார்ந்துகொண்டது. அடுப்பின் சூட்டில் அது சிதைந்துபோகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெந்து வந்த ரொட்டியில் வைட்டமின் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது.

எண்ணெய், கொழுப்பு வகைகளில் அஸ்கார்பிக் அமிலம் கரையாது. அதற்காகப் பால்மிடிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தை ஒரு வாலாக ஒட்டிச் செய்ததுதான் 304. வைட்டமின் ஈ வகையைச் சேர்ந்த டோகோஃபெரால்களுடன் இதைச் சேர்த்துப் போடுவது வழக்கம். எண்ணெய் சிக்கடிக்காமல் காக்கும்போது களைத்துப்போன டோகோஃபெராலை இது மறுபடி எழுப்பிவிடுகிறது. உடம்புக்குள் போனால் வாலும் தலையுமாகப் பிரிந்து, வைட்டமின் சியாகவும் சாதாரணக் கொழுப்பு அமிலமாகவும் ஆகிவிடும். கொழுப்பு அமிலம் தாவரத்திலிருந்தும் வரலாம், விலங்கிலிருந்தும் வரலாம் என்பதால் சைவ உணவுக்காரர்கள் விசாரிக்க வேண்டிய எண் இது. 300ஐப் பற்றி அந்தக் கவலை வேண்டியதில்லை.

சரி, பாதுகாப்புக்கு வருவோம். உலகச் சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் உணவுச் சேர்க்கைப் பொருள் நிபுணர் குழு, 1981இல் அஸ்கார்பிக் அமிலத்துக்கும் அதன் உப்புகளுக்கும் தினசரி ஏற்பளவை, அதாவது வாழ்நாள் முழுக்கத் தினமும் உட்கொண்டாலும் தீங்கில்லாத அளவை, ‘குறிப்பிடத் தேவையில்லை’ என்று வகைப்படுத்தியது. இந்தச் சொற்றொடரைப் படித்துவிட்டு, ‘பார்த்தீர்களா, அளவே வைக்காமல் விட்டுவிட்டார்கள்’ என்று பதறுபவர்கள் உண்டு. நிலைமை நேரெதிர். எண் வைத்துக் கட்டுப்படுத்தும் அளவுக்குத் தீங்கு தென்படவில்லை என்றால்தான் இந்தப் பிரிவில் வைப்பார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் மறுபடி பரிசீலித்தபோதும், தற்போதைய பயன்பாட்டில் கவலைப்பட ஏதுமில்லை, எண் வரம்பு தேவையில்லை என்றே சொன்னது. பால்மிடேட்டுக்கு மட்டும் சர்வதேசக் குழு உடல் எடையில் கிலோவுக்கு 1.25 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு 75 மில்லிகிராம்.

வரம்பில்லாத பொருளை மூட்டையாகக் கொட்டலாமா என்றால், அப்படியும் இல்லை. எதிர்பார்க்கும் வேலை நடப்பதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் என்பதே விதி. மேலும் அதிகமாகப் போட்டால் புளிப்பு தட்டும், நாக்கே கண்காணிப்பாளர்.

உடம்பும் தன் பங்குக்குக் கணக்கு வைத்திருக்கிறது. உணவில் கிடைக்கும் சாதாரண அளவுகளில் 70 முதல் 90 சதவீதம் வரை உறிஞ்சிக்கொள்ளும் குடல், ஒரு கிராமைத் தாண்டினால் பாதியைக்கூட ஏற்பதில்லை. உறிஞ்சப்படாதது குடலில் தங்கி நீரை இழுக்க, வயிற்றுப்போக்கு வருகிறது. வயது வந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் என்று அமெரிக்காவில் வைத்திருக்கும் உச்சவரம்பு இதை வைத்து எழுந்ததுதான். சேர்க்கைப் பொருளாக உணவில் வருவதைக் கொண்டு இந்த உச்சத்தைத் தொடுவது ஏறக்குறைய நடக்காத காரியம். மாத்திரை சாப்பிடுபவர் மிகச் சுலபமாகத் தொட்டுவிடுவார். சுவீடனில் ஆண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அதிக வீரியமுள்ள வைட்டமின் சி மாத்திரை எடுத்தவர்களுக்குச் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காகத் தெரிந்தது. உடம்பில் இதன் ஒரு பகுதி, கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட்டாக மாறுவதுதான் காரணமாகக் கருதப்படுகிறது. இரும்புச்சத்து உடம்பில் தேங்கும் பரம்பரை நோய் உள்ளவர்களும் அதிக அளவை எடுக்கும்முன் மருத்துவரைக் கேட்க வேண்டும், ஏனென்றால் வைட்டமின் சி இரும்பை உறிஞ்ச உதவும். ரத்தசோகை உள்ளவருக்கு நல்லதாகப் படும் அதே குணம் இவருக்கு ஆகாது.

உண்மையில் யோசிக்க வைத்த விவகாரம் வேறு, அதில் குற்றவாளி தனியாள் இல்லை. சில குளிர்பானங்களில் கிருமியைத் தடுக்கச் சோடியம் பென்சோயேட்டும், நிறம், மணம் காக்க அஸ்கார்பிக் அமிலமும் சேர்ந்தே இருக்கும். தனித்தனியாக இரண்டும் அனுமதி பெற்றவை. பானத்தில் செம்பு, இரும்பு போன்ற உலோகத் துளிகள் இருந்தால், அஸ்கார்பிக் அமிலம் அவற்றின் துணையோடு ஆக்சிஜனை ஹைட்ராக்சில் ராடிக்கல் என்ற மூர்க்கமான வடிவத்துக்குக் கொண்டுபோய்விடும். அது பென்சோயிக் அமிலத்தைத் தாக்க, மிஞ்சுவது பென்சீன்; புற்றுநோய்க் காரணி என்று உறுதிப்பட்ட பொருள். வெயிலும் சூடும் வேகத்தைக் கூட்டும். 1990 வாக்கிலேயே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்கு இது தெரியவந்து, பானத் தயாரிப்பாளர்கள் கலவையை மாற்றத் தொடங்கினார்கள். பிறகு விஷயம் மறந்துபோய், 2005 முடிவில் மறுபடி தலைதூக்கியது. அப்போது அந்த நிர்வாகம் சோதித்த பானங்களில் பெரும்பாலானவற்றில் பென்சீன் இல்லை, அல்லது குடிநீருக்கான அந்நாட்டு வரம்பான 100 கோடியில் 5 பங்குக்குக் கீழே இருந்தது. தாண்டிய சில பானங்களின் கலவையை மாற்ற வைத்தார்கள். உலோகத்தைக் கட்டிப்போடும் ஈ.டி.டி.ஏ. சேர்த்தால் இந்த வினை பெருமளவு அடங்கும். லேபிளில் 211 என்ற பென்சோயேட்டும் 300உம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பானம் விஷம் என்று அர்த்தமில்லை. ஆனால் அந்தப் பாட்டிலை வெயிலில் நிறுத்திய காருக்குள் போட்டு வைக்காமல் இருப்பது நல்லது.

வைட்டமின் என்ற வார்த்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நற்சான்றிதழ் கொடுப்பதில்லை. உணவுக்கு ஆரஞ்சு நிறம் தரும் பீட்டா கரோட்டின், பட்டியலில் 160ஏ, உடம்பில் வைட்டமின் ஏ ஆகக்கூடியது. நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் ஃபின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பிடிப்பவர்களிடம் நடத்திய சோதனையின் முடிவு 1994இல் வந்தது. தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு அந்தப் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் இதேபோன்ற ஒரு சோதனையை 1996இல் நடுவிலேயே நிறுத்தினார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012இல் பரிசீலித்தபோது, சேர்க்கைப் பொருளாகவும் மாத்திரையாகவும் சேர்த்து நாளுக்கு 15 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும்வரை கவலையில்லை என்றது. கேக்கின் மேல்பூச்சில் இருக்கும் துளி நிறத்துக்கும் தினசரி மாத்திரைக்கும் உள்ள தூரம் அது. புகைப்பிடிப்பவர் ‘வைட்டமின்தானே’ என்று வாங்கி விழுங்கும் மாத்திரையைப் பற்றித்தான் எனக்குக் கவலை, நிறத்தைப் பற்றி இல்லை.

மறுபடி அந்தப் பழச்சாறுப் பெட்டிக்கே வருவோம். சத்து என்று சொல்லி விற்கிறார்கள் என்றால், லேபிளில் போட்ட அளவு காலாவதி நாள் வரைக்கும் உள்ளே இருந்தாக வேண்டும். ஆனால் சேர்த்த நிமிடத்திலிருந்தே அது கரைந்துகொண்டிருக்கிறது: மூடிக்குக் கீழே உள்ள காற்று கொஞ்சம், பெட்டியின் சுவர் வழியாக நுழையும் ஆக்சிஜன் கொஞ்சம், கிடங்கின் சூடு கொஞ்சம். அதனால் தயாரிப்பவர்கள் தொடக்கத்திலேயே கணக்குப் போட்டுக் கூடுதலாகப் போடுகிறார்கள். புதிதாக வந்த பெட்டியில் லேபிள் சொல்வதைவிட அதிகமாக இருக்கும். தேதி நெருங்க நெருங்க லேபிளின் எண்ணை நோக்கி இறங்கும். மூடியைத் திறந்துவிட்டால் அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. அதன்பின் குளிர்பெட்டியில் வைத்து, சில நாட்களுக்குள் குடித்துவிட வேண்டியதுதான்.